தார்ச்சாலையைத் தண்ணீர் உரிக்காமல் இருக்க ஃபில்லர்: புதிதாகக் கலவை வடிவமைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதுநிலைத் திட்டப்பணிக்காக ஆய்வகத்தில் நுழைந்திருக்கிறீர்களா? அல்லது ஹாட் மிக்ஸ் பிளான்டில் தரக்கட்டுப்பாட்டுக்கு இப்போதுதான் சேர்ந்து, "ஈரச் சேதம் தாங்கும்படி ஒரு ஃபில்லர் போட்டுப் பாருங்கள்" என்று யாராவது சொல்லிவிட்டார்களா? இது உங்களுக்காக எழுதியது. ஃபில்லர் என்பது தார்க் கலவையில் ஜல்லியோடு சேரும் மிக நுண்ணிய தூள். சோதனையை எப்படிச் செய்வது என்று தரநிலைப் புத்தகம் சொல்லிவிடும். எந்தக் காகிதத்தை முதலில் வாங்குவது, எந்தக் கிழமை தொடங்குவது, எத்தனை கிலோ ஜல்லி அள்ளுவது என்றெல்லாம் அதில் இருக்காது. அவற்றை நான் தட்டுத்தடுமாறித்தான் தெரிந்துகொண்டேன். நீங்களும் அப்படித் தடுமாற வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்லரை மாற்றும்போது இரண்டு விஷயங்கள் சேர்ந்தே மாறுகின்றன. ஒன்று வேதியியல், அதாவது தாரும் கல்லும் எப்படிப் பிடித்துக்கொள்கின்றன என்பது. இன்னொன்று கொள்ளளவு, அதாவது கலவைக்குள் எவ்வளவு இடம் நிரம்புகிறது என்பது. இரண்டையும் பிரித்துப் பார்க்காத ஆய்வில் எந்த ஃபில்லர் ஜெயித்தது என்று சொல்லவே முடியாது. கீழே உள்ள படிகளில் பாதி, இந்தப் பிரிப்புக்காகவே.

1. முதலில் கல்லைப் பாருங்கள்

ஃபில்லர் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் ஜல்லி எந்தப் பாறை என்று தெரிந்துகொள்ளுங்கள். கிரானைட், குவார்ட்சைட் போன்ற சிலிக்கா மிகுந்த கற்களுக்குத் தண்ணீர் மேல்தான் ஆசை அதிகம். தார் பூசியிருந்தாலும் நீர் உள்ளே நுழைந்து, கல்லின் மேற்பரப்பைப் பிடித்துக்கொண்டு, தாரை வெளியே தள்ளிவிடும். சுண்ணாம்புக்கல் ஜல்லியில் இந்தத் தொல்லை பொதுவாகக் குறைவு.

அப்புறம் தூசி. ஜல்லியின் மேல் களிமண் படலம் ஒட்டியிருந்தால் தார் கல்லைத் தொடவே தொடாது, அந்தத் தூசியைத்தான் பிடிக்கும். ஒரு கைப்பிடி ஜல்லியை வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தாலே ஓரளவு புரிந்துவிடும். உறுதியாகத் தெரிய, நுண்தூளில் களிமண் எவ்வளவு என்று காட்டும் மெத்திலீன் ப்ளூ சோதனையும், ஈரத்தில் அது எவ்வளவு குழைகிறது என்று காட்டும் பிளாஸ்டிசிட்டி குறியீடும் செய்யுங்கள். களிமண் அதிகமென்றால் முதல் மருந்து ஜல்லியைக் கழுவுவது. ஃபில்லர் அதற்குப் பிறகுதான்.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

கலவை போடத் தொடங்கிய பின் இவற்றைத் தேடி அலைவது பெரிய கஷ்டம். முன்பே வாங்கி ஒரே கோப்பில் வையுங்கள்.

- ஜல்லி எடுத்த குவாரி, குவியல், தேதி எழுதிய மாதிரிச் சீட்டு. பாறை வகை அறிக்கை கிடைத்தால் அதுவும்.
- தாரின் சோதனைச் சான்றிதழ், தொகுதி எண்ணோடு. கலக்கும், அழுத்தும் வெப்பநிலைகள் இதிலிருந்துதான் வரும்.
- ஃபில்லர் ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ். நீற்றுச் சுண்ணாம்பு என்றால் கால்சியம் ஹைட்ராக்சைடின் அளவும் தயாரித்த தேதியும் இருக்க வேண்டும். ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) என்றால் எரிப்பு இழப்பு, அதாவது சூடாக்கினால் எரிந்துபோகும் பங்கு, எவ்வளவு என்று பாருங்கள்.
- சுண்ணாம்புக்கும் சிமென்டுக்கும் பாதுகாப்புத் தகவல் தாள். இது இல்லாமல் பல ஆய்வகங்கள் பையை உள்ளே விடாது.
- அழுத்தச் சோதனை இயந்திரம், நீர்த்தொட்டி, உறைபெட்டி, தராசு ஆகியவற்றின் அளவீட்டுச் சான்றிதழ்கள். காலாவதியாகாதவையா என்று தேதியைப் பாருங்கள். முடிவை ஒப்புக்கொள்ள மனமில்லாதவர் முதலில் கேட்பது இதைத்தான்.

சான்றிதழில் வெறும் "சுண்ணாம்பு" என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். சுட்ட சுண்ணாம்பு வேறு, அதைத் தண்ணீர் விட்டு நீற்றிய நீற்றுச் சுண்ணாம்பு வேறு. சுட்ட சுண்ணாம்பு கலவைக்குள் போனால், பின்னால் ஈரம் படும்போது நீறிப் பருத்துச் சாலையை உள்ளிருந்தே பிளக்கும். கையில் பட்டால் சூட்டுக்காயமும் வரும்.

3. ஃபில்லரைத் தேர்ந்தெடுப்பது

0.075 மி.மீ. சல்லடையில் இறங்குவதைத்தான் ஃபில்லர் என்று பேசுகிறோம். வணிகமாக வரும் தாது ஃபில்லருக்கு அமெரிக்கத் தரநிலை அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.-இன் டி 242 தரநிலை வைக்கும் எல்லை: 0.6 மி.மீ. சல்லடையில் முழுவதும் இறங்க வேண்டும், 0.3-ல் 95 முதல் 100 விழுக்காடு, 0.075-ல் 70 முதல் 100 விழுக்காடு. பிளாஸ்டிசிட்டி குறியீடு 4-ஐத் தாண்டக்கூடாது. சுண்ணாம்புக்கும் சிமென்டுக்கும் அந்தக் குறியீட்டு விதி கிடையாது. சலிக்கும்போது தண்ணீர் விட்டுக் கழுவிச் சலியுங்கள். உலர்ந்தபடியே சலித்தால் மெல்லிய தூள் பெரிய துகள்களில் ஒட்டிக்கொண்டு, அளவு குறைவாகக் காட்டும்.

நீற்றுச் சுண்ணாம்பு. சிலிக்கா கல்லாக இருந்தால் என் முதல் தேர்வு இதுதான். தாரில் இயல்பாகவே கார்பாக்சிலிக் அமிலங்கள் உண்டு. அவை கல்லின் மேற்பரப்பில் போய் அமர்ந்தாலும், நீர் வந்தால் பிடியை விட்டுவிடும். சுண்ணாம்பிலுள்ள கால்சியம் அந்த அமிலங்களோடு சேர்ந்து நீரில் கரையாத உப்பாகிவிடுகிறது. அதனால் நீரைத் தாங்கும் மற்ற மூலக்கூறுகளுக்குக் கல்லில் இடம் கிடைக்கிறது. சிறிது களிமண் இருந்தால் அதையும் சுண்ணாம்பு அடக்கும். தார் காலப்போக்கில் காய்ந்து இறுகுவதும் மெதுவாகும். வழக்கமான அளவு, உலர்ந்த ஜல்லி எடையில் 1 முதல் 2 விழுக்காடு.

சிமென்ட். சுண்ணாம்பு கிடைக்காத இடத்தில் இதுவும் 1 முதல் 2 விழுக்காடு போடப்படுகிறது. பலன் உண்டு. ஈரம் படாமல் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் கவலை.

சுண்ணாம்புக்கல் தூள். நீற்றுச் சுண்ணாம்பைப் போல வேகமாக வினைபுரியாது. ஆனால் சிலிக்கா தூளைவிட நல்லது, கையாளவும் எளிது.

ஃப்ளை ஆஷ். ஓர் அனல்மின் நிலையச் சாம்பல் போல இன்னொன்று இருக்காது. எரியாத கரி அதிகமிருந்தால் தாரைக் குடித்துவிடும். ஒரே மூலத்திலிருந்து, ஒரே சமயத்தில் எடுத்ததை மட்டும் வைத்து ஆய்வு செய்யுங்கள்.

கிரஷர் தூளும் பிளான்டின் தூசிப்பை தூளும். ஒப்பீட்டுக்கான அடிப்படைக் கலவை பெரும்பாலும் இதில்தான் இருக்கும். கிரானைட் தூள் என்றால் நீருக்கு எதிராக வேதியியல் உதவி எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

4. எவ்வளவு போடுவது: எடையோடு கொள்ளளவையும் கணக்கிடுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. 1.5 விழுக்காடு சுண்ணாம்பு போடுகிறோம் என்றால், கிரஷர் தூளில் அதே 1.5 விழுக்காட்டைக் குறைக்க வேண்டும். இருப்பதன் மேல் கூடுதலாகக் கொட்டினால், எந்த அளவுத் துகள் எத்தனை பங்கு என்ற கணக்கே மாறிவிடும். பிறகு ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை.

எடைக்கு எடை மாற்றினாலும் கொள்ளளவு மாறும். 2.70 ஒப்படர்த்தி உள்ள கல் தூள் 100 கிராம் எடுத்தால் 37 கன செ.மீ. வரும். சுண்ணாம்பு 2.3 என்று வைத்தால் அதே 100 கிராம் 43 கன செ.மீ.க்கு மேல். சிமென்ட் 3.1 என்றால் 32 தான். அதனால் ஒவ்வொரு ஃபில்லருக்கும் ஒப்படர்த்தியை நீங்களே அளந்து, தாரின் உகந்த அளவைத் தனித்தனியாகக் கண்டுபிடியுங்கள். அடிப்படைக் கலவைக்கு வந்த தார் அளவை எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டு "இந்த ஃபில்லர் சரியில்லை" என்று எழுதிய அறிக்கைகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அந்தக் கலவைக்குப் போதுமான தாரே கிடைத்திருக்காது.

இதற்குள் இன்னொரு நுணுக்கம்: ரிக்டன் இடைவெளி. உலர்ந்த ஃபில்லரை இறுக்கமாக அடைத்த பின்னும் துகள்களுக்கிடையே மிஞ்சும் வெற்றிடம் அது. சாதாரணக் கல் தூளில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இருக்கும். நீற்றுச் சுண்ணாம்பில் அதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அந்த இடைவெளிக்குள் தார் சிக்கிக்கொள்வதால் மாஸ்டிக், அதாவது தாரும் ஃபில்லரும் சேர்ந்த பசை, விறைத்துவிடுகிறது. சுண்ணாம்பு 2 விழுக்காட்டைத் தாண்டும்போது கலவை அழுந்த மறுக்கும் காரணம் இங்கேதான்.

மொத்தத் தூளுக்கும் செயல்படும் தாருக்கும் (கல் உறிஞ்சியது போக மிஞ்சும் தார்) உள்ள எடை விகிதத்தைக் கடைசியில் சரிபாருங்கள். சூப்பர்பேவ் என்ற அமெரிக்கக் கலவை வடிவமைப்பு முறையில் இது வழக்கமாக 0.6 முதல் 1.2. 0.075 மி.மீ.க்குக் கீழே 5.5 விழுக்காடும் செயல்படும் தார் 4.6 விழுக்காடும் என்றால் விகிதம் 1.2, விளிம்புக்கே வந்துவிட்டீர்கள்.

5. சுண்ணாம்பைக் கலக்கும் விதம்

சூடான உலர்ந்த ஜல்லியில் தூளாகவே போடலாம், எளிது. தார் ஊற்றுவதற்கு முன்னால் போட்டு நன்றாகக் கிளறிவிடுங்கள். ஜல்லியை நனைத்துப் போடுவது இன்னொரு வழி: ஜல்லி உறிஞ்சும் அளவுக்கு மேல் 2, 3 விழுக்காடு தண்ணீர் சேர்த்து, சுண்ணாம்பைத் தூவி, எல்லாக் கல்லிலும் வெள்ளைப் பூச்சு ஏறும்வரை கிளறி, பிறகு எடை மாறாமல் நிற்கும்வரை அடுப்பில் காய வைக்க வேண்டும். சுண்ணாம்புப் பாலாகக் கரைத்து ஊற்றும் முறையும் இருக்கிறது. ஈர முறைகளில் பூச்சு சீராக வரும். ஆனால் காய வைக்க நேரமும் எரிபொருளும் போகும்.

எந்த முறையானாலும் சரி, பிளான்டில் எதைச் செய்யப் போகிறார்களோ அதையே ஆய்வகத்திலும் செய்யுங்கள். ஈர முறையில் நல்ல முடிவு எடுத்துவிட்டு, களத்தில் உலர் தூளாகப் போட்டால் அந்த அறிக்கை அந்தச் சாலைக்குச் சொந்தமில்லை.

கண்ணாடி, கையுறை, முகமூடி இல்லாமல் சுண்ணாம்புப் பையைத் திறக்காதீர்கள். அது கடும் காரம், கண்ணுக்கு ஆபத்து. திறந்த பையை அப்படியே விட்டால் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துச் சாதாரண சுண்ணாம்புக்கல் தூளாக மாறத் தொடங்கும். சிறு சிறு பைகளாகப் பிரித்து, காற்றுப் புகாமல் கட்டி, ஒரு கலவைக்கு ஒரு பை என்று திறப்பது நல்லது.

6. பெரிய சோதனைக்கு முன் கொதிநீர்ச் சோதனை

ஏ.எஸ்.டி.எம். டி 3625 சோதனையில், தார் பூசிய தளர்ந்த கலவையைக் கொதிக்கும் நீரில் 10 நிமிடம் வைத்து, எவ்வளவு பூச்சு மிச்சம் என்று கண்ணால் மதிப்பிடுகிறோம். ஒரே மதியத்தில் எல்லா ஃபில்லரையும் பார்த்துவிடலாம், செலவும் இல்லை. ஆனால் இது வடிகட்டுவதற்கு மட்டும். தளர்ந்த கலவையில் காற்றிடைவெளியின் (அழுத்திய கலவைக்குள் மிஞ்சும் காற்று இடம்) பங்கே இல்லை, மதிப்பீடும் ஆளுக்கு ஆள் மாறும். மோசமான ஒன்றிரண்டைக் கழித்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

7. இழுவலிமை விகிதம்: திங்கட்கிழமை தொடங்குங்கள்

நனைத்த உருளை உலர்ந்ததன் வலிமையில் எவ்வளவைத் தக்கவைக்கிறது என்று பார்ப்பது இது. இதற்கு ஆஷ்டோ (அமெரிக்க நெடுஞ்சாலைத் துறைகளின் சங்கம்) டி 283 (T 283) சோதனை பரவலாக ஒப்புக்கொள்ளப்படுவது. ஒரு கலவைக்குக் குறைந்தது ஆறு உருளைகள், மூன்று உலர்ந்தவை, மூன்று நனைத்தவை. எல்லாவற்றிலும் காற்றிடைவெளி 7 விழுக்காடு, அரை விழுக்காடு ஏற்ற இறக்கத்தோடு. கிழமைக் கணக்கு இப்படிப் போகும்:

- திங்கள்: கலந்து, அறை வெப்பத்தில் 2 மணி நேரம் ஆறவிட்டு, 60 டிகிரி அடுப்பில் 16 மணி நேரம்.
- செவ்வாய்: அழுத்தும் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து அழுத்துதல். பிறகு ஒரு நாள் அறை வெப்பத்தில்.
- புதன்: எடை, உயரம், காற்றிடைவெளி. இரண்டு குழுவின் சராசரி இடைவெளியும் சமமாக வரும்படி பிரித்தல். ஒரு குழுவை வெற்றிடத்தில் நனைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, 10 மி.லி. நீரோடு பையில் போட்டு, மைனஸ் 18 டிகிரியில் குறைந்தது 16 மணி நேரம்.
- வியாழன்: 60 டிகிரி நீர்த்தொட்டியில் 24 மணி நேரம்.
- வெள்ளி: 25 டிகிரி நீரில் 2 மணி நேரம், பிறகு நிமிடத்துக்கு 50 மி.மீ. வேகத்தில் உடைத்தல்.

விடுமுறை குறுக்கே வந்தால் நீட்டக்கூடிய படி உறைநிலை ஒன்றுதான், ஏனென்றால் அதற்குக் "குறைந்தது" என்று மட்டுமே விதி. 60 டிகிரி நீரில் நேரத்தை நீட்ட முடியாது. ஒரு கலவைக்கு நீட்டினால் எல்லாக் கலவைக்கும் அதே அளவு நீட்டுங்கள்.

புதன்கிழமையின் வெற்றிடப் படிதான் உருளைகளைக் காவு வாங்கும். காற்றிடைவெளியில் 70 முதல் 80 விழுக்காடு நீர் ஏற வேண்டும். 70-க்குக் கீழே என்றால் மறுபடி வெற்றிடம் கொடுக்கலாம். 80-ஐத் தாண்டினால் அந்த உருளை வீண், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும். அதனால் பம்பை இயக்குவதற்கு முன்பே இலக்கு எடையைக் கணக்கிட்டு ஏட்டில் எழுதிவிடுங்கள். 150 மி.மீ. விட்டம், 95 மி.மீ. உயரம் உள்ள உருளையின் கொள்ளளவு சுமார் 1,679 கன செ.மீ. அதில் 7 விழுக்காடு 117.5. அதன் 70 முதல் 80 விழுக்காடு என்பது 82 முதல் 94 கிராம் நீர். உலர்ந்த எடை 3,870 கிராம் என்றால், ஈரத் துணியால் மேற்பரப்பை ஒற்றிய பின் தராசு 3,952-க்கும் 3,964-க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்த வெற்றிடத்தில் தொடங்கி, எடை பார்த்து, தேவைப்பட்டால் கொஞ்சம் கூட்டுங்கள். இரண்டு உருளைகளைக் கூடுதலாகச் செய்து வைத்திருந்தால் வியாழக்கிழமை நிம்மதி.

ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 12697-12 கேட்டால் முறை வேறு: உறைநிலை கிடையாது, 40 டிகிரி நீரில் 68 முதல் 72 மணி நேரம். இரண்டு முறைகளின் எண்களையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

8. எண்ணைப் பாருங்கள், உடைந்த முகத்தையும் பாருங்கள்

நனைத்த குழுவின் சராசரி வலிமையை உலர்ந்த குழுவின் சராசரியால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். சூப்பர்பேவில் 0.80 குறைந்தபட்சம். ஆனால் விகிதத்தை மட்டும் எழுதிக்கொடுப்பது போதாது. ஓர் எடுத்துக்காட்டு: முதல் கலவை உலர்ந்து 800, நனைந்து 640 கிலோபாஸ்கல். விகிதம் 0.80, தேறியது. இரண்டாவது கலவை உலர்ந்து 1,100, நனைந்து 836. விகிதம் 0.76, தேறவில்லை. மழைக்காலத்தில் சாலையில் எது வலுவாக நிற்கும்? இரண்டாவதுதான். விறைப்பைக் கூட்டும் ஃபில்லர் உலர்ந்த வலிமையை அதிகம் உயர்த்திவிடுவதால் இப்படி நடக்கும். விதி விதிதான், 0.76 தேறாது. ஆனாலும் மூன்று எண்களையும் அறிக்கையில் கொடுங்கள். அந்த ஃபில்லரை ஒதுக்குவதற்குப் பதில் அளவைக் குறைத்துப் பார்க்க அது வழிகாட்டும்.

உடைந்த உருளையை உடனே குப்பையில் போடாதீர்கள். இரண்டாகப் பிளந்து, வெளிச்சத்தில் உள் முகத்தைப் பாருங்கள். கல்லே உடைந்த இடத்தில் முகம் கூராக, புதிதாக, படிகங்கள் மின்னும்படி இருக்கும். அது நல்ல அறிகுறி, பிடி கல்லைவிட வலுவாக இருந்திருக்கிறது. தார் உரிந்த இடத்தில் கல்லின் பழைய மேற்பரப்பு மங்கலாக, ஓரங்களில் பழுப்புத் திட்டோடு வெறுமையாகத் தெரியும். விரலால் தடவினால் வித்தியாசம் புரியும். நனைத்ததையும் உலர்ந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, உருளை எண்ணோடு இணையுங்கள். மறுப்பவரிடம் அட்டவணையைவிட இந்தப் படம் அதிகம் பேசும்.

முடிந்தால் ஹாம்பர்க் சக்கரச் சோதனையும் சேருங்கள். 50 டிகிரி நீருக்குள் இரும்புச் சக்கரம் 20,000 தடவை வரை ஓடும். தடப்பள்ளத்தின் கோடு திடீரென்று செங்குத்தாக இறங்கும் இடம்தான் உரிதல் தொடங்கும் புள்ளி. நல்ல ஃபில்லர் அந்தப் புள்ளியைத் தள்ளிப்போடும், அல்லது வரவே விடாது.

9. பொருளும் செலவும்

ஒரு கலவைக்குத் தாரின் உகந்த அளவைக் கண்டுபிடிக்க மார்ஷல் உருளைகள் பதினைந்து, ஒவ்வொன்றும் 1.2 கிலோ: 18 கிலோ. இழுவலிமைச் சோதனைக்குக் கூடுதல் உருளைகளோடும் உச்ச அடர்த்திச் சோதனையோடும் (காற்றிடைவெளியே இல்லாத கலவையின் அடர்த்தி) சேர்த்து 35 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஃபில்லர் என்றால் 212 கிலோ. 300 கிலோ ஜல்லியை ஒரே குவியலிலிருந்து ஒரே நாளில் அள்ளிவிடுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி அள்ளினால் அது வேறு ஜல்லி. தாரைச் சிறு டப்பாக்களில் பிரித்து வையுங்கள். ஒரே டின்னைத் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் தார் இறுகி, கடைசிக் கலவையின் வலிமை ஃபில்லரால் கூடியதுபோலத் தோன்றும்.

களச் செலவில் சுண்ணாம்பின் விலையை மட்டும் ஒப்பிடுவது தவறான கணக்கு. 10,000 டன் கலவையில் தார் 5 விழுக்காடு என்றால் ஜல்லி 9,500 டன், 1.5 விழுக்காடு சுண்ணாம்பு 142.5 டன். அதற்குச் சேமிப்புக் கலமும் அளந்து கொட்டும் கருவியும் வேண்டும். உகந்த தார் 0.1 விழுக்காடு கூடினாலோ குறைந்தாலோ 10 டன் தார். ஈர முறையென்றால் 3 விழுக்காடு தண்ணீரில் டன்னுக்கு 30 லிட்டரை ஆவியாக்கும் எரிபொருள். இந்த நான்கையும் சேர்த்துப் போட்டால்தான் ஒரு ஃபில்லரின் உண்மையான விலை தெரியும்.

10. பிளான்டுக்குக் கொண்டுபோகும்போது

டிரம் வகை பிளான்டில் உலர்ந்த சுண்ணாம்பு காற்றோட்டத்தில் ஏறித் தூசிப்பைக்குள் போய்விடுவது வழக்கமான தொல்லை. கலவைக்குள் போனதாகக் கணக்கு சொல்லும், சாலையில் இருக்காது. தார் தெளிக்கும் இடத்துக்கு எவ்வளவு அருகில் சுண்ணாம்பு இறங்குகிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். நாள் முடிவில் சேமிப்புக் கலத்தில் குறைந்த எடையை அன்று போட்ட கலவையின் டன்னோடு ஒப்பிடுங்கள்.

அழுத்தத்தையும் விடாதீர்கள். போட்ட தளத்தில் காற்றிடைவெளி 8 விழுக்காட்டுக்கு மேல் போனால் துளைகள் ஒன்றோடொன்று இணையத் தொடங்கும். நீர் உள்ளே போகும், எளிதில் வெளியே வராது. அப்படிப்பட்ட தளத்தை எந்த ஃபில்லராலும் காப்பாற்ற முடியாது. நீர் தேங்கும் அடித்தளமும் அப்படித்தான். உரிதல் பெரும்பாலும் அடியிலிருந்து மேலே ஏறும். அதனால் மாதிரி உருளை தோண்டி எடுக்கும்போது மேற்பரப்பைப் பார்த்துத் திருப்தியாகிவிடாமல், அடி முகத்தைத் திருப்பிப் பாருங்கள்.

முதல் வாரத்தில் பிளான்டிலிருந்தே கலவை எடுத்து இழுவலிமை விகிதத்தை ஒருமுறை செய்துவிடுங்கள். ஆய்வக எண்ணுக்கும் அதற்கும் பெரிய இடைவெளி வந்தால், முதலில் சோதிக்க வேண்டியது சுண்ணாம்பு இறங்கும் குழாய், அடுத்து ஜல்லியின் தூசி, அப்புறம் கலவையின் வெப்பநிலை. அன்று எடுத்த கலவையில் ஒரு பகுதியை மூடி, சீட்டு ஒட்டி, முடிவு ஏற்கப்படும்வரை பத்திரமாக வையுங்கள்.